கியோச்சாங்காவின் குடிவழியைத் தேடி: மஞ்சூரியப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: ஷென்யாங்

சீனாவின் கடைசி அரசமரபான சிங் பேரரசின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதற்கு அடித்தளமிட்ட நூர்ஹாச்சியிலிருந்து தொடங்குவதால், அவருடைய பாட்டனாரான கியோச்சாங்கா என்னும் ஜுர்ச்சென் (பின்னாளில் மஞ்சு எனப்பட்ட இனம்) குடித்தலைவர் ஓரிரு வரிகளில் வந்து, 1583ஆம் ஆண்டில் கொல்லப்பட்டு, கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். அவர் வாழ்ந்த ஊர், மாண்ட கோட்டை, அவருடைய எலும்புகள் இருமுறை இடம் மாறி அடங்கிய கல்லறை ஆகிய யாவும் சீனாவின் லியாவ்னிங் மாநிலத்திலேயே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில மணி நேரத்தில் போகக்கூடிய தொலைவில் இருக்கின்றன. பேரரசர்களை விட்டுவிட்டு அவர்களுடைய முன்னோரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டே அக்டோபர் மாதத்தில் ஷென்யாங் வந்து சேர்ந்தேன்.

யார் யாருக்கு என்ன முறை என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நூர்ஹாச்சியின் தந்தை தாக்ஷி, பாட்டன் கியோச்சாங்கா, பூட்டன் ஃபூமன், ஓட்டன் சிபேவுச்சி ஃபியாங்கு, சேயோன் சுங்ஷான், பரன் மோங்கே தெமூர். நம்மிடமுள்ள ஏழு தலைமுறைச் சொற்களும் இந்தக் குடிவழிக்கு மிச்சமின்றிப் பொருந்தி விடுகின்றன. அரசாங்க வரலாறு ஏற்றுக்கொண்ட வரிசை இதுவே. ஆனால் அந்த வரிசையில் எல்லாருக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை என்பதுதான் என்னை இங்கு இழுத்து வந்த செய்தி.

1625இல் நூர்ஹாச்சி தலைநகரை இங்கு மாற்றிய பின் எழுந்த அரண்மனையில், எண்கோண வடிவிலான பெரிய மண்டபத்தையும் அதற்கு முன் இருபுறமும் நிற்கும் பத்துச் சிறு மண்டபங்களையும் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. நான் நெடுநேரம் நின்றது, சிங்னிங் மாளிகையின் முற்றத்தில் நடப்பட்டிருக்கும் ஒரு கம்பத்தின் முன்பாகத்தான். அதன் உச்சியில் ஒரு கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கிறது. வழிபாடு நடக்கும் நாள்களில் தானியத்தையும் பலியிட்ட பன்றியின் இறைச்சித் துணுக்குகளையும் அதில் வைத்துக் காக்கைகளுக்கும் மேக்பை பறவைகளுக்கும் படைப்பார்கள். அமாவாசையன்று இலையில் சோறு வைத்துக் கூரையைப் பார்த்துக் கூப்பிடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

அந்தப் பறவைக்குக் குடிவழிக் கதையிலேயே இடமுண்டு. ஏரியில் நீராடிய மூன்று தேவகன்னியரில் இளையவளான ஃபெகுலேன், மேக்பை கொண்டுவந்து போட்ட செங்கனியை விழுங்கிக் கருவுற்றுப் புகூரி யோங்ஷோன் என்னும் முதல் மூதாதையைப் பெற்றாள் என்பது தொன்மம். பிற்காலத்தில் அவ்வழியில் வந்த ஃபாஞ்சா என்னும் சிறுவன் பகைவருக்கு அஞ்சி ஓடியபோது அவன் தலைமேல் ஒரு மேக்பை வந்து அமர, துரத்தியவர்கள் அதைப் பட்ட மரம் என்று எண்ணித் திரும்பினார்களாம். கொரியாவின் ஜோசொன் அரசவைப் பதிவுகளில் இதே ஃபாஞ்சா, 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோங்கே தெமூருக்குத் தாய் ஒன்றாகவும் தந்தை வேறாகவும் பிறந்த தம்பியாக, எல்லைப் பேச்சுவார்த்தைகளில் கலந்துகொள்ளும் மனிதராக வருகிறார். பரனின் தம்பியைப் பரனுக்கும் முந்தைய மூதாதை ஆக்கிய இந்தத் தாவல், குடும்பக் கதைகள் எப்படி வளர்கின்றன என்பதற்கு நல்ல சான்று.

அதே வளாகத்தில் ஜிங்தியான் என்னும் மாடம் இருக்கிறது. பேரரசர் சியன்லோங் காலத்தில் அரச குலப் பதிவேடுகளை வைப்பதற்கென்றே கட்டப்பட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தி எழுதப்பட்ட அந்த ஏடுகளில், உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் சிவப்பு மையிலும் மறைந்தவர்களின் பெயர்கள் கறுப்பு மையிலும் எழுதப்பட்டன. தாக்ஷியின் வழித்தோன்றல்கள் மஞ்சள் இடைக்கச்சை அணியும் உரிமை பெற்றனர். அவருடைய சகோதரர்கள், பெரியப்பா சிற்றப்பாக்கள் ஆகியோரின் வழியினர்க்குச் சிவப்புக் கச்சை. ஆக, கியோச்சாங்காவின் ஐந்து மகன்களில் நான்காமவரான தாக்ஷியின் வீட்டு வாசலிலேயே கோடு கிழிக்கப்பட்டு, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் மறுபக்கம் நிறுத்தப்பட்டனர்.

இரண்டாம் நாள்: ஃபூஷுன் வழியாகச் ஷாங்ஜியாஹே

ஃபூஷுன் இன்று நிலக்கரி நகரம். சிங் அரசுக்கு முன் சீனாவை ஆண்ட மிங் அரசமரபின் காலத்தில் இது எல்லைச் சந்தை. கியோச்சாங்கா தம் ஆள்களோடு இந்தச் சந்தைக்கு வந்து போனதை 1578ஆம் ஆண்டின் லியாவ்தோங் அரசு ஆவணங்கள் குறித்து வைத்திருக்கின்றன. ஜின்செங் வேர், பைன் கொட்டை, காளான், தேன், விலங்குத்தோல், குதிரை ஆகியவை மலையிலிருந்து இறங்கின. உழவு மாடு, கலப்பைக் கொழு, இரும்புச் சட்டி, உப்பு, துணி ஆகியவை மலையேறின. சந்தைக்குள் நுழைய மிங் அரசு வழங்கிய ஓலை வேண்டும். எவரிடம் எத்தனை ஓலை இருக்கிறதோ அதுவே அவருடைய செல்வாக்கின் அளவு. பேரரசின் தொடக்கம் என்று சொல்லப்படும் வீட்டின் தலைவர், அடிப்படையில் இந்த ஓலைகளை வைத்துப் பிழைத்த ஒரு நடுத்தர மலைத்தலைவரே என்பதை மறந்துவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

நகரைத் தாண்டியதும் தாஹுவோஃபாங் நீர்த்தேக்கத்தின் கரையோரமாகப் பேருந்து சென்றது. 1619இல் மிங் படைகள் நூர்ஹாச்சியிடம் தோல்வியுற்ற ஸார்ஹு போர்க்களத்தின் பெரும்பகுதி, 1950களில் கட்டப்பட்ட இந்த நீர்த்தேக்கத்துக்குள் முழுகிப்போயிற்று. நின்று பார்க்க நீரைத் தவிர வேறொன்றுமில்லை.

ஷாங்ஜியாஹே என்னும் சிறுநகரில் இறங்கினேன். மொழிபெயர்ப்பதற்காக உடன் வந்த கல்லூரி மாணவி, குரே கோட்டை இருந்த குன்றைக் கேட்டு விசாரித்து அழைத்துச் சென்றாள். அறுவடை முடிந்த சோளத்தட்டைகளுக்கு நடுவே ஏறும் பாதை அது. மேலே சென்றால் மேடுகளும் பள்ளங்களும், அவற்றை மூடிய புதர்களுமே கண்ணுக்குத் தென்படுகின்றன. ஆனால் அங்கிருந்து ஸூஸி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தால், ஃபூஷுனிலிருந்து கிழக்கே போகும் எந்தப் படையும் இந்தக் குன்றின் கண்ணில் படாமல் போக முடியாது என்பது ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது.

இங்கே அதாய் என்னும் தலைவர் இருந்தார். அவருடைய தந்தை வாங் காவ், மிங் எல்லையைத் தொடர்ந்து தாக்கியவர். ஹதா குடித்தலைவரால் பிடித்துக் கொடுக்கப்பட்டு 1575இல் பெய்ஜிங்கில் கொல்லப்பட்டவர். தந்தைக்குப் பழிவாங்க முனைந்த அதாயை ஒழிக்க 1583இல் மிங் தளபதி லீ செங்லியாங் இந்தக் குன்றை முற்றுகையிட்டார். அவருக்கு வழிகாட்டியாக வந்தவர் நிகான் வைலான் என்னும் மற்றொரு ஜுர்ச்சென் தலைவர். அதாயின் மனைவி, கியோச்சாங்காவின் மூத்த மகன் லிதுனுடைய மகள். பேத்தியை வெளியே அழைத்துவரக் கியோச்சாங்கா கோட்டைக்குள் போனார். வெகுநேரமாகியும் அவர் திரும்பாததால் தாக்ஷியும் உள்ளே போனார். கோட்டைத் தலைவரைக் கொல்பவருக்கே கோட்டை உரிமையாகும் என்று நிகான் வைலான் கூவிச் சொல்ல, உள்ளிருந்தவர்களே அதாயைக் கொன்று கதவைத் திறந்தனர். நுழைந்த படை எவரையும் விட்டுவைக்கவில்லை. தந்தையும் மகனும் அந்தக் கொலைக்களத்தில் மாண்டனர்.

இது சிங் அரசின் பதிவு. மிங் தரப்பு எழுத்துகளிலோ கியோச்சாங்காவும் தாக்ஷியும் மிங் படைக்கே வழிகாட்டிகளாக வந்து போர்த்தீயில் சிக்கி இறந்தவர்களாகக் காட்டப்படுகின்றனர். இரண்டும் ஒன்றையொன்று முற்றாக மறுக்கின்றன என்று நான் நினைக்கவில்லை. ஒருபுறம் மிங் அரசின் சந்தை ஓலை, மறுபுறம் மிங் அரசின் பகைவனுக்குக் கொடுத்த பேத்தி. எல்லையில் வாழ்ந்த தலைவர் ஒருவருக்கு இரண்டுமே தேவைப்பட்டன. இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவர், இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று மோதிய நாளில் நடுவில் நின்றுவிட்டார் என்றே தோன்றுகிறது.

மிங் அரசு தவறுதலாக நடந்ததென்று சொல்லி உடல்களையும், முப்பது ஓலைகளையும், முப்பது குதிரைகளையும் நூர்ஹாச்சியிடம் கொடுத்தது. தாக்ஷி விட்டுச்சென்ற பதின்மூன்று கவசங்களை எடுத்துக்கொண்டு அவர் முதலில் பாய்ந்தது மிங் அரசின்மீது அன்று, நிகான் வைலானின்மீதுதான். 1586இல் அந்தக் கணக்கு தீர்ந்தது. பெரிய கணக்கு 1618வரை காத்திருந்தது. அந்த ஆண்டு அவர் அறிவித்த ஏழு மனக்குறைகளில் முதலாவது, எல்லையில் ஒரு புல்லைக்கூடச் சேதப்படுத்தாத தம் பாட்டனையும் தந்தையையும் மிங் அரசு காரணமின்றிக் கொன்றது என்பதாகும். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கியோச்சாங்கா ஒரு போர்ப் பிரகடனத்தின் முதல் வரியானார். எந்தப் பெண்ணுக்காக அவர் உள்ளே போனாரோ, அவள் பெயர் அந்தப் பிரகடனத்தில் இல்லை. பதிவுகளிலும் அவள் லிதுனின் மகள் மட்டுமே.

மாலையில் இதே வட்டாரத்திலுள்ள யாவ்ஜான் என்னும் சிற்றூருக்குப் போனோம். அங்கே பலருக்கு ஜாவ் என்பது குடும்பப்பெயர். மோங்கே தெமூருக்குப் பேரரசர்கள் சூட்டிய பட்டத்தின் முதல் எழுத்தே அது. 1912இல் பேரரசு வீழ்ந்த பின் ஐசின் கியோரோ என்னும் அரச குலத்தவர் ஆளுக்கொரு சீனப் பெயரை மேற்கொண்டபோது, இப்பகுதியினர் தேர்ந்துகொண்டது. இவர்கள் கியோச்சாங்காவின் சகோதரர் வழியினர், சிவப்புக் கச்சைக்காரர்கள். ஊரின் முகப்பில் சோளக்கதிர்கள் மஞ்சள் சுவர்போல அடுக்கப்பட்டிருந்தன. சுற்றுலாவுக்கான பெயர்ப்பலகைகளும் உண்டு. ஆனால் அந்நேரத்தில் எல்லாரும் கதிர் உரிப்பதில் முனைந்திருந்ததால் நாங்கள் பேச்சுக் கொடுத்து வேலையைக் கெடுக்கவில்லை.

மூன்றாம் நாள்: யோங்லிங்

ஷின்பின் மஞ்சு தன்னாட்சி மாவட்டத்தில், பின்னால் சியுன் மலையும் முன்னால் ஸூஸி ஆறும் அமைய, யோங்லிங் கல்லறைத் தொகுதி இருக்கிறது. 1598இல் தொடங்கப்பட்டு, 1659இல் இன்றைய பெயரைப் பெற்று, 2004இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மலைக்குப் பன்னிரண்டு சிகரங்கள் என்றும், அவை சிங் குலத்தின் பன்னிரண்டு பேரரசர்களைக் குறித்தவை என்றும், கடைசிச் சிகரம் குட்டையானதென்றும் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். எனக்கு எண்ணிக்கை பிடிபடவில்லை. எண்ணிச் சரிபார்ப்போருக்காகச் சொல்லப்படும் கதையும் அன்று அது.

முதல் வாயிலே இந்தக் குடும்பத்தின் வேரைக் காட்டிக்கொடுக்கிறது. பெய்ஜிங் அருகேயுள்ள கல்லறைகளில் காணும் கனத்த பலகைக் கதவுகளுக்கு மாறாக, இங்கே சிவப்பு வண்ணம் பூசிய மரக்கட்டைகளை இடைவெளிவிட்டுச் சேர்த்த வேலிக்கதவு. மலைக்கிராமத்து மரவேலியைத்தான் பேரரசின் முகப்புக்கு உயர்த்தியிருக்கிறார்கள். உள்ளே நான்கு கல்வெட்டு மண்டபங்கள் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிற்கின்றன. கற்களில் மஞ்சு, மங்கோலியம், சீனம் ஆகிய மூன்று மொழி எழுத்துகள். மண்டபங்களின் வாயில் வளைவுகளில் செதுக்கிய டிராகன்கள் பறக்கவில்லை. முன்னங்காலை ஊன்றி, வீட்டுக் காவல் நாயைப் போல உட்கார்ந்திருக்கின்றன.

இந்த நான்கு மண்டபங்களும் மோங்கே தெமூர், ஃபூமன், கியோச்சாங்கா, தாக்ஷி ஆகியோருக்கு உரியவை. 1636இல் இவர்களுக்கு மன்னர் பட்டமும் 1648இல் பேரரசர் பட்டமும் வழங்கப்பட்டன. ஏழு தலைமுறை வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு எண்ணினால் ஓட்டனும் சேயோனும் விடுபட்டிருப்பது தெரியும். சீன மரபின்படி நான்கு தலைமுறை முன்னோருக்குச் சிறப்புச் செய்வதானால் நான்காம் இடம் ஓட்டனாகிய சிபேவுச்சி ஃபியாங்குவுக்கே வந்திருக்க வேண்டும். அவர் பெரிதாக எதுவும் செய்ததாகப் பதிவில்லை. சேயோனாகிய சுங்ஷானோ, மிங் எல்லையைச் சூறையாடியவர் என்று பிடிக்கப்பட்டு 1467இல் மாண்டவர். ஆகவே இருவரையும் தாண்டி, பரனாகிய மோங்கே தெமூரை அழைத்துவந்து நான்காம் இருக்கையில் அமர்த்தியிருக்கிறார்கள். பட்டம் பெறாத மூதாதையைக் கேட்டு வருத்தப்பட யாரும் இல்லை. பட்டம் கொடுப்போருக்குப் பெருமை சேர்க்கும் மூதாதை தேவைப்பட்டார்.

மோங்கே தெமூர் உண்மையிலேயே பெரிய ஆள்தான். மிங் அரசுக்கு முந்தைய மங்கோலிய யுவான் ஆட்சியின் முடிவில் ஸுங்காரி ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து தெற்கே பெயர்ந்து, இன்றைய வடகொரியாவின் ஹொரியோங் வட்டாரத்தில் தங்கி, ஜோசொன் அரசோடும் பின்னர் மிங் பேரரசர் யோங்லேயோடும் உறவாடி, ஜியான்ஜோ இடதுக் காவற்படையின் தலைவரானவர். 1433இல் பகைக்குடியினரின் தாக்குதலில் மூத்த மகனோடு கொல்லப்பட்டார். எஞ்சியவர்கள் ஃபாஞ்சாவின் தலைமையில் 1440இல் இந்த ஸூஸி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தனர். அதனால்தான் யோங்லிங்கில் அவருக்குரிய மேடு, ஆடைகளையும் தலையணியையும் வைத்து மூடிய வெறுங்கல்லறை என்று கருதப்படுகிறது.

வழிபாட்டு மண்டபத்தின் பின்னே, பிறைவடிவச் சுவருக்குள் மேடுகள் இருக்கின்றன. நடுவில் ஃபூமன், அவருக்கு இடமும் வலமுமாகக் கியோச்சாங்காவும் தாக்ஷியும். ஆறேழு மனிதர்கள் கைகோத்து நின்றால் சுற்றிவிடக்கூடிய மண்குவியல்களே அவை. கீழ்ப்படியில் மேலும் இரண்டு மேடுகள்: கியோச்சாங்காவின் மூத்த மகன் லிதுனுக்கும் கடைசி மகன் தாச்சா ஃபியாங்குவுக்கும். பேரரசராகாத லிதுனுக்கு இங்கே இடம் கிடைத்தது அவருடைய போர்த்திறத்தால் என்று ஏடுகள் சொல்கின்றன. குரே கோட்டையின் மேட்டில் முந்தைய நாள் நின்ற எனக்கு, அந்தப் பெண்ணின் தந்தையும் அவளுக்காக இறந்த பாட்டனும் சிற்றப்பனும் ஒரே சுவருக்குள் இருப்பதே முதலில் மனத்தில் பட்டது.

ஃபூமன் மேட்டின் அருகே ஒரு காலத்தில் பெரிய எல்ம் மரம் இருந்தது. முன்னோரின் எலும்புப் பொதியைச் சுமந்துவந்த தலைவர், விடுதிக்குள் அதைக் கொண்டுபோக அனுமதி கிடைக்காததால் மரக்கிளையில் தொங்கவிட்டு உறங்க, காலையில் மரம் அதை இறுகப் பற்றிக்கொண்டதாம். இடத்தின் சிறப்பறிந்து அங்கேயே புதைத்தார்கள் என்பது கதை. சியன்லோங் அந்த மரத்தைப் புகழ்ந்து எழுதிய பாடல் கல்லில் இருக்கிறது. மரம் 1863இல் பெருங்காற்றில் சாய்ந்துவிட்டது. 1682இல் காங்ஷி பேரரசர் இங்கு வந்த கிழக்குப் பயணத்தில் ஃபெர்டினாண்ட் வெர்பியஸ்ட் என்னும் ஜெசுவிட் பாதிரியாரும் வானியல் கருவிகளோடு உடன் சென்றார்.

நான்காம் நாள்: ஹெது அலா

யோங்லிங்கிலிருந்து சிறிது தூரத்தில், தட்டையான குன்றின்மேல் ஹெது அலா. ஃபூமனுக்கு ஆறு மகன்கள். நான்காமவரான கியோச்சாங்கா தந்தையின் ஊரிலேயே தங்க, மற்ற ஐவரும் சுற்றுப்புறத்தில் ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டனர். ஆறு வீட்டாரும் சேர்ந்து நிங்குதா தலைவர்கள் எனப்பட்டனர். கேட்பதற்கு ஒற்றுமையாகத் தோன்றும். ஆனால் கியோச்சாங்கா இறந்ததும் அதே சகோதரர் வீட்டார் பலர் நூர்ஹாச்சியைக் கொல்லச் சதி செய்தனர். இந்த இடத்தில்தான் 1616இல் அவர் கான் எனத் தம்மை அறிவித்துக்கொண்டார்.

இப்போதுள்ள கட்டடங்கள் பெரும்பாலும் அண்மையில் திரும்பக் கட்டப்பட்டவை. பழையது என்று நம்பிப் பார்க்கத் தக்கது கானின் கிணறு. கயிறு வேண்டாம், குனிந்து கையால் மொண்டுகொள்ளும் உயரத்தில் நீர் நிற்கிறது. தாக்ஷியின் வீடு என்று காட்டப்படும் வீடும் மறுகட்டுமானமே. ஆயினும் மஞ்சு வீட்டின் அமைப்பைச் சரியாகக் காட்டுகிறது. புகைபோக்கி கூரைமேல் இல்லாமல் வீட்டுக்கு வெளியே தரையிலிருந்து தனியாக எழுகிறது. உள்ளே மூன்று சுவர்களை ஒட்டிச் சூடேற்றும் திண்ணை. மேற்குச் சுவரோரத் திண்ணை முன்னோர்க்குரியது. விருந்தாளி அங்கே உட்காரக் கூடாது.

அந்த மேற்குச் சுவரில் ஒரு துணிப்பை தொங்கியது. காவலுக்கிருந்த அம்மையார், பையிலிருக்கும் சந்ததிக் கயிற்றின் மாதிரியை எடுத்துக் காட்டினார். வீட்டில் ஆண் பிறந்தால் விரலளவு வில்லும் அம்பும் அதில் கட்டப்படும்; பெண் பிறந்தால் வண்ணத் துணிக்கீற்று. ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஆட்டின் மூட்டெலும்பு. எழுத்தறியாத வீட்டிலும் கயிற்றைத் தடவிப் பார்த்தே எந்தத் தலைமுறையில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். “பெண்ணையும் கட்டுவீர்களா?” என்று மாணவி கேட்டதற்கு, “கட்டாமல் எப்படி, பெண்ணே! எண்ணிக்கை தப்பிவிடுமே” என்றார் அம்மையார். ஷென்யாங் ஏடுகளின் சிவப்பு மையைவிட இந்தக் கயிறு நேர்மையான பதிவேடு என்று எனக்குப் பட்டது.

பிற்பகலில் அருகிலுள்ள ஃபே அலாவுக்குப் போனோம். ஹெது அலாவுக்கு முன் நூர்ஹாச்சி 1587இல் கட்டிக் குடியிருந்த மலைக்கோட்டை. இப்போது வயல்களும் மேடுகளும்தான். 1596இன் தொடக்கத்தில் இங்கே வந்த ஜோசொன் அதிகாரி ஷின் சுங்-இல் எழுதிய குறிப்புகளால் இந்த வெற்று மேட்டில் மனிதர்கள் நடமாடத் தொடங்குகின்றனர். தலையின் பின்புறம் மட்டும் சிறிது முடி விட்டுப் பின்னித் தொங்கவிடுவதையும், மீசையில் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு மயிர்களை விட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடுவதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். நூர்ஹாச்சி பருமனும் இல்லை, மெலிவும் இல்லை. திடமான உடல், நேரான பெரிய மூக்கு, நீண்ட முகம். புத்தாண்டு விருந்தில் உலா குடியின் புசந்தாய் எழுந்து ஆட, நூர்ஹாச்சி நாற்காலியிலிருந்து இறங்கித் தாமே பிபா என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்து உடலைக் குலுக்கினாராம். கியோச்சாங்காவைப் பற்றி இப்படி ஒரு நேரில் கண்ட சொல் கிடைத்திருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள்: லியாவ்யாங்

கியோச்சாங்காவின் எலும்புகள் இடையில் வந்து தங்கிய இடத்தையும் பார்த்துவிட லியாவ்யாங் வந்தேன். 1621இல் இந்நகரைக் கைப்பற்றிய நூர்ஹாச்சி, 1624இல் பாட்டன், தந்தை ஆகியோரின் எச்சங்களை ஹெது அலாவிலிருந்து பெயர்த்து, நகருக்கு வெளியே ஒரு குன்றில் அடக்கம் செய்வித்தார். தலைநகர் எங்கோ முன்னோரும் அங்கே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். 1658இல் கியோச்சாங்காவும் தாக்ஷியும் மறுபடியும் யோங்லிங்குக்கே கொண்டுபோகப்பட்டனர்.

எல்லாரையும் கொண்டுபோகவில்லை. நூர்ஹாச்சியின் தம்பிகளான ஷூர்ஹாச்சியும் முர்ஹாச்சியும் மூத்த மகன் சுயெனும் இங்கேயே விடப்பட்டனர். ஷூர்ஹாச்சி அண்ணனோடு அதிகாரத்தைப் பங்கிட்டு, பின் பிரிந்துபோக முயன்று, சிறைப்பட்டு 1611இல் இறந்தவர். சுயென் வாரிசாக உயர்த்தப்பட்டு, 1613இல் அடைக்கப்பட்டு, 1615இல் தந்தையின் ஆணையால் மாண்டவர். இருவருமே கியோச்சாங்காவின் நேர் வாரிசுகள், மஞ்சள் கச்சைக்கு உரியவர்கள். ஷூர்ஹாச்சியின் கல்லறை முன்னே அழகிய கல்வெட்டு மண்டபம் நிற்கிறது. 1653இல், இறந்து நாற்பதாண்டுகளுக்குப் பின், இளவரசர் பட்டம் கொடுத்த பிறகு எழுப்பியது. கூரை ஓட்டின் இடுக்குகளில் புல் முளைத்திருந்தது; அன்று வேறு பார்வையாளர் இல்லை.

அந்தப் பட்டம் மனமிரங்கிக் கொடுத்ததாக நான் எண்ணவில்லை. ஷூர்ஹாச்சியின் மகன் ஜிர்கலாங், பெரியப்பா வீட்டிலேயே வளர்ந்து, 1643இல் சிறுவரான ஷுன்ஜி அரியணை ஏறியபோது நூர்ஹாச்சியின் மகன் தோர்கோனோடு இணைந்து ஆட்சிப்பொறுப்பேற்றவர். 1653இல் அரசவையில் அவர் மூத்தவர். தந்தைக்குப் பட்டம் வாங்கிக்கொடுக்கும் இடத்தில் மகன் இருந்தார். ஜிர்கலாங்கின் வழியில் வந்த துவான்ஹுவாவும் ஸூஷுனும் 1861இல் சிறுவரான துங்ஜி பேரரசருக்கு ஆட்சிப்பொறுப்பாளர்களாக நியமிக்கப்பட்டு, ஒருசில மாதங்களிலேயே பேரரசரின் தாயார் சிஷியால் வீழ்த்தப்பட்டு உயிரிழந்தனர். சிஷி பிறந்தது யெஹே நாரா குலத்தில். அந்த யெஹே குடியின் கோட்டைகளை அழித்து, தம் மைத்துனரே ஆன அதன் தலைவர் கின்தாய்ஷியை 1619இல் கொன்றவர் நூர்ஹாச்சி.